கைத்தொலைபேசி வலையமைப்பின் பதிவுக்கோப்புகளை வாசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீதி வீதியாகச் சென்று வலையமைப்பை அளக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும், தொலைத்தொடர்பைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களும், தங்கள் வீட்டில் மட்டும் அழைப்பு அறுபடுவதன் காரணத்தை அறிய விரும்பும் சிலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 4ஜி பற்றியே எழுதியுள்ளேன். அதன் பதிவை வாசிக்கப் பழகியவருக்கு 5ஜி பதிவும் அந்நியமாகத் தோன்றாது.

பதிவுக்கோப்புக்குள் என்னதான் இருக்கிறது?

தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நாம் நடக்கும்போதுகூட அதனுள்ளே ரேடியோத் தொடர்பைக் கையாளும் சில்லான மொடெம் சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள செல்களை, அதாவது கோபுரங்களின் அன்ரெனாக்கள் ஒவ்வொன்றும் சேவை தரும் பகுதிகளை, அளந்துகொண்டே இருக்கிறது. தேவை வரும்போது கோபுரத்துடன் செய்திகளைப் பரிமாறுகிறது. அந்த அளவீடுகளும் செய்திகளும் நேரமும் இடமும் குறிக்கப்பட்டு வரிசையாக எழுதப்பட்டால் அதுவே பதிவுக்கோப்பு.

செய்திகளில் இரண்டு வகை முக்கியமானவை. ஆர்ஆர்சி எனப்படுபவை தொலைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலானவை: இணைப்பை ஏற்படுத்துதல், அளவீடு கேட்டல், இன்னொரு செல்லுக்கு மாறச் சொல்லுதல் போன்றவை. என்ஏஎஸ் எனப்படுபவை தொலைபேசிக்கும் வலையமைப்பின் மையப் பகுதிக்கும் இடையிலானவை. கோபுரம் அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தபால்காரர்போல் கைமாற்றிவிடும். ஆகவே ஆர்ஆர்சியில் நிகழும் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றியது, என்ஏஎஸ்ஸில் வரும் மறுப்புப் பெரும்பாலும் சிம் அட்டையையோ சந்தாவையோ மையப் பகுதியையோ பற்றியது என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளலாம். காற்றில் செல்லும்போது இச்செய்திகளிற் பெரும்பாலானவை மறைகுறியாக்கப்பட்டிருக்கும். மொடெம் அவற்றை அவிழ்த்த பின்னர் எழுதித் தருவதாலேயே நம்மால் வாசிக்க முடிகிறது.

திரையில் தெரியும் கோடுகளைப் பார்த்தால் போதாதா?

போதாது. ஐந்து கோடும் நிறைந்திருக்க அழைப்பு அறுவதையும், ஒரே கோட்டில் அரை மணி நேரம் தெளிவாகப் பேசுவதையும் நான் பல முறை பதிவுகளிற் கண்டிருக்கிறேன். கோடுகளுக்கு எல்லாத் தொலைபேசிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. எத்தனை டிபிஎம்முக்கு (ஒரு மில்லிவாற்றோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் வலு) எத்தனை கோடு என்பது தயாரிப்பாளரின் முடிவு.

பதிவில் மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது ஆர்எஸ்ஆர்பி. கோபுரம் எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும் அடையாளச் சமிக்ஞையின், ஒரேயொரு துணை அலைக்குரிய சராசரி வலு இது. −80 டிபிஎம் என்றால் நல்ல வலு, −110 என்றால் விளிம்பு, −120க்குக் கீழே என்றால் நூலில் தொங்குகிறது என்று அனுபவத்தில் கொள்ளலாம். இதை ஆர்எஸ்எஸ்ஐ என்ற மொத்த வலுவுடன் குழப்பிக்கொள்பவர்கள் மிகப் பலர். 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி செல்லில் 1200 துணை அலைகள் உள்ளன. அத்தனையும் ஒரே வலுவில் இயங்கினால் மொத்த வலு ஒன்றின் வலுவைவிட ஏறக்குறைய 31 டெசிபெல் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஒரே இடத்தில் ஒரு செயலி −90 என்றும் மற்றொன்று −59 என்றும் காட்டுகிறது. இரண்டுமே சரி, அளந்த பொருள்தான் வேறு.

இரண்டாவது ஆர்எஸ்ஆர்கியூ, அதாவது அந்த அடையாளச் சமிக்ஞை மொத்த வலுவில் எவ்வளவு பங்கு என்ற தரம். ஒற்றை அன்ரெனா செல்லொன்றில் தரவுப் போக்குவரத்து இல்லாதபோது −3 டெசிபெலும், பிற செல்களின் குறுக்கீடு சிறிதுமின்றி அதே செல் நிரம்பி வழியும்போது ஏறக்குறைய −10.8 டெசிபெலும் வரும். எனவே −10 என்ற எண்ணைக் கண்டதும் குறுக்கீடு என்று தீர்மானித்துவிடக் கூடாது. மூன்றாவது எஸ்ஐஎன்ஆர்: வேண்டிய சமிக்ஞைக்கும் இரைச்சலோடு சேர்ந்த குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம். என்னிடம் ஒரேயோர் எண்ணைத்தான் பார்க்கலாம் என்று சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

அளவீட்டு அறிக்கையில் ஆர்எஸ்ஆர்பி 36 என்று இருக்கிறது. இது எப்படி?

செய்திகளுக்குள் 0 முதல் 97 வரையான குறியீடாகவே அது அனுப்பப்படுகிறது. குறியீட்டிலிருந்து 140 ஐக் கழித்தால் டிபிஎம் மேல் எல்லை கிடைக்கும். 36 என்றால் −105 க்கும் −104 க்கும் இடைப்பட்ட வலு.

பதிவெடுக்க என்ன கருவி வேண்டும்?

எதுவும் வாங்காமல் தொடங்கலாம். அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் \*#\*#4636#\*#\* என்றும், ஐபோனில் \*3001#12345#\* என்றும் அழுத்தினால் செல் இலக்கமும் வலுவும் தரமும் திரையில் தோன்றும். இது பார்ப்பதற்கு மட்டுமே.

செய்திகளையும் பதிவதற்கு மொடெமின் பரிசோதனை வாயிலைத் திறக்க வேண்டும். குவால்கொம் சில்லு உள்ள, ரூட் செய்யப்பட்ட (முழுக் கட்டுப்பாடும் பயனருக்குத் திறக்கப்பட்ட) தொலைபேசியும் மொபைல்இன்சைட் அல்லது கியூசிசூப்பர் போன்ற திறந்த மூல மென்பொருளும் இருந்தால் ஒரு மாணவர் தன் அறையிலிருந்தே பதிவெடுத்து, செய்திகளைப் பிரித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில் திறந்து வாசிக்கலாம். தொழில்முறையில் டெம்ஸ், நெமோ, எக்ஸ்கால் போன்றவை பயன்படுகின்றன. அவை அழைப்புகளைத் தாமே திரும்பத் திரும்ப எடுத்து, வரைபடமும் வரைந்து தரும். ஆனால் வரைபடத்தின் வண்ணப் புள்ளிகளைப் பார்த்தே அறிக்கை எழுதும் பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொள்கிறது. மாணவர்கள் முதலில் வயர்ஷார்க்கில் செய்தி செய்தியாக வாசித்துவிட்டு அந்தக் கருவிகளுக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

புறப்படும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நேரத்தை. சில கருவிகள் உலகப் பொது நேரத்தையும் சில இலங்கை நேரத்தையும் எழுதும். இரண்டுக்கும் 5 மணி 30 நிமிடம் வேறுபாடு. மொடெமோ 1980 ஜனவரி 6 இலிருந்து எண்ணும் ஜிபிஎஸ் நேரத்தைப் பயன்படுத்தலாம். அது பொது நேரத்தைவிட 18 செக்கன் முந்தியது. நிறுவனத்தின் கோபுரப் பதிவோடு உங்கள் பதிவை ஒப்பிடும்போது அந்த 18 செக்கன் ஒரு கோளாற்றையே இன்னொரு செல்லின் தலையில் கட்டிவிடும்.

அடுத்தது தொலைபேசி இருக்கும் இடம். ஒரு நாள் கண்ணாடியருகிலும் மறுநாள் இருக்கைக்குக் கீழும் வைத்து எடுத்த இரு பதிவுகளை ஒப்பிட முடியாது.

அழைப்பு அறுந்துவிட்டது. பதிவில் எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

அறுந்த இடத்திலிருந்து பின்னோக்கி. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருப்பவர் இதை வாசித்தாற் போதும்.

கோப்பின் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர் ஆயிரக்கணக்கான செய்திகளுக்குள் தொலைந்துபோவார். அறுந்த கணத்துக்குரிய கடைசிச் செய்தியை மட்டும் பார்ப்பவரோ விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வார். கடைசிச் செய்தி "ரேடியோ இணைப்பு இழப்பு" என்றுதான் சொல்லும். அது ஏன் இழக்கப்பட்டது என்பதற்கான விடை பெரும்பாலும் அதற்கு முந்திய பத்துச் செக்கனுக்குள் கிடக்கிறது.

யாழ் நகரிலிருந்து தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் எடுத்த ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். வாகனம் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. 4ஜி வழியான குரல் அழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. அழைப்பு அறுந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் இவை தெரிகின்றன. இறுதியில் தொலைபேசி புதிய ஆர்ஆர்சி இணைப்புக் கேட்கிறது. அதற்குச் சற்று முன், பிசிஐ (செல்லின் அடையாள இலக்கம்) 213 என்ற செல்லிடம் இணைப்பை மீள நிறுவும்படி கேட்டு மறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் ரி310 என்ற கடிகாரம் 1000 மில்லிசெக்கன் ஓடி முடிந்திருக்கிறது. சேவை தரும் செல்லின் சமிக்ஞையை மொடெம் அடுத்தடுத்துக் குறித்த தடவை பிடிக்கத் தவறினால் இக்கடிகாரம் ஓடத் தொடங்கும். இன்னும் ஏறக்குறைய இரண்டு செக்கன் பின்னோக்கிச் சென்றால்தான் கதையின் தொடக்கம் வருகிறது: பிசிஐ 88 இல் இருந்த தொலைபேசி, "213 என்னுடைய செல்லைவிட 4 டெசிபெல் வலுவாக இருக்கிறது" என்ற அளவீட்டு அறிக்கையை மூன்று தடவை அனுப்பியிருக்கிறது. ஏ3 என்ற நிகழ்வு இதுவே. அதற்குப் பதிலாக வர வேண்டிய, அந்தச் செல்லுக்கு மாறச் சொல்லும், ஹான்ட்ஓவர் என்று வேலைத்தளத்தில் சொல்லப்படும் கையளிப்புக் கட்டளை, ஒரு தடவைகூட வரவில்லை.

ஆக, "பாலத்தில் சிக்னல் இல்லை" என்று எழுதினால் அது பிழையான அறிக்கை. 213 இன் சமிக்ஞை அங்கே இருந்தது. தொலைபேசி அதைக் கண்டு சொல்லியும் இருக்கிறது. கேட்க வேண்டியது, சொன்ன பின்னும் கட்டளை ஏன் வரவில்லை என்பதுதான். மூன்று காரணங்கள் இருக்கலாம்.

அறிக்கை கோபுரத்தை அடையாமல் போயிருக்கலாம். அப்படியானால் தொலைபேசியின் அனுப்பும் வலு அதன் உச்சமான 23 டிபிஎம்மை எட்டியிருக்கும். கீழ் அடுக்கில் அதே பொதி மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கான உறுதி வராதிருக்கும். அல்லது, கோபுரம் கட்டளையை அனுப்பியும் தொலைபேசியால் அதைப் பிரித்தெடுக்க முடியாமற் போயிருக்கலாம். அப்போது எஸ்ஐஎன்ஆர் அந்த இரண்டு செக்கனில் பூச்சியத்துக்குக் கீழே சரிந்திருப்பதைக் காணலாம். மூன்றாவது, 88 இன் அயற்செல் பட்டியலில், அதாவது அது கையளிக்கக்கூடிய அண்டைச் செல்களின் பட்டியலில், 213 இல்லாதிருக்கலாம். கோபுரத்துக்கு அறிக்கை வந்து சேர்ந்தும், அந்த இலக்கத்துக்குரிய செல் எதுவென்று அதற்குத் தெரியாது. இம்மூன்றையும் பிரித்தறிய ஒரே பாதையில் பல தடவை போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இணையில், எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருக்கும்போதே, அறிக்கைக்குப் பதில் வராவிட்டால் மூன்றாவது காரணம் ஏறக்குறைய உறுதி. அதைச் சரிசெய்யக் கோபுரம் கட்டத் தேவையில்லை. பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். மீள நிறுவும் கோரிக்கை மறுக்கப்பட்டதும் இதனோடு பொருந்துகிறது: 213 க்கு இந்தத் தொலைபேசியைப் பற்றி 88 எதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.

கையளிப்பு நடந்தும் அழைப்பு அறுவது ஏன்?

கட்டளை வந்த பின் ரி304 கடிகாரம் முடிவதற்குள் புதிய செல்லில் நுழைய முடியாவிட்டால் கையளிப்பு தோல்வி. நுழைந்த உடனேயே இணைப்பு இழந்து பழைய செல்லுக்கே திரும்பினால் கையளிப்பு அவசரப்பட்டது என்றும், கட்டளை வருமுன்னரே இணைப்பு இழந்து புதிய செல்லில் போய்ச் சேர்ந்தால் தாமதித்தது என்றும் கொள்ளலாம். இரு செல்களுக்கிடையே சில செக்கன்களுக்கொருமுறை முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருந்தால், அறிக்கை அனுப்புமுன் தொலைபேசி பொறுத்திருக்கும் காத்திருப்பு நேரமோ, புதிய செல் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்ற டெசிபெல் இடைவெளியோ போதவில்லை. 320 மில்லிசெக்கன் காத்திருப்பு என்பது 60 கிலோமீற்றர் வேகத்தில் 5 மீற்றர் தூரம் மட்டுமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வீதியில் தாமதத்தின் பழியை அதன்மேல் போடுவதற்கு முன் டெசிபெல் இடைவெளியைப் பாருங்கள்.

கடல்நீரேரியோரங்களில் தூரத்துச் செல்கள் பதிவில் தோன்றுவது ஏன்?

எங்கள் குடாநாடு மலையில்லாத மட்டமான நிலம். நகருக்குள் கட்டடங்களும், பனந்தோப்புகளும் அலையைத் தடுத்து ஒவ்வொரு செல்லையும் அதன் எல்லைக்குள் ஓரளவு அடக்கி வைக்கின்றன. கடல்நீரேரியின் மேலே அப்படித் தடுப்பதற்கு எதுவுமில்லை. எனவே பண்ணையிலும், பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் பாலத்திலும், நாவற்குழிப் பக்கத்திலும் எதிர்க்கரைச் செல்கள் பல ஏறக்குறைய ஒரே வலுவில் வந்து சேர்கின்றன. வலு நன்றாகவும் எஸ்ஐஎன்ஆர் மோசமாகவும் இருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

தூரத்தை ஊகிக்கத் தேவையில்லை. அலை கோபுரத்துக்குப் போய்வரும் நேரத்தைக் குறிக்கும் டைமிங் அட்வான்ஸ் என்ற எண்ணைப் பதிவில் தேடுங்கள். 4ஜியில் அதன் ஒரு படி ஏறக்குறைய 78 மீற்றர். 90 என்று இருந்தால் கோபுரம் 7 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. 2ஜியில் ஒரு படி ஏறக்குறைய 550 மீற்றர். அருகில் ஒரு கோபுரம் நிற்க, ஏழு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது சேவை தருகிறதென்றால் அந்தத் தூரத்து அன்ரெனாவைச் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும். கூடவே பிசிஐ இலக்கங்களை 3 ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 213, 300 என்ற இரண்டு செல்கள் ஒரே இடத்தில் வலுவாகக் கேட்டால் இரண்டின் மீதியும் பூச்சியம். அவற்றின் அடையாளச் சமிக்ஞைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எஸ்ஐஎன்ஆரைக் கெடுக்கும்.

வடமராட்சிக் கரையில் எடுத்த பதிவில் 404 என்று தொடங்கும் வலையமைப்பு தெரிகிறது. கருவி பிழையா?

இல்லை. 413 இலங்கையின் நாட்டுக் குறியீடு; 404 உம் 405 உம் இந்தியாவினுடையவை. 413 க்குப் பின் 01 வந்தால் மொபிட்டெல், 02 டயலொக், 08 ஹட்ச். பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் அலை சில வேளைகளில், குறிப்பாகக் கடலின் மேலே ஈரக்காற்றுக்கு மேல் வெப்பமான உலர்ந்த காற்று படியும்போது, வளைந்து நீர்ப்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் வரும். கேட்பது வேறு, சேவை பெறுவது வேறு. நெடுந்தீவுக் கடலிலோ பருத்தித்துறைக் கரையிலோ உள்ளூர் வலையமைப்பு கைவிட்ட கணத்தில் தொலைபேசி அங்கே பதிய முயன்றால், பதிவில் பதிவுமறுப்புச் செய்தியும் அதன் காரண இலக்கமும் இருக்கும்: 11 என்றால் அந்த வலையமைப்புக்கே அனுமதியில்லை, 13 என்றால் அப்பகுதியில் ரோமிங் இல்லை. ரோமிங் வசதி திறந்திருந்தால் மறுப்பு வராது, கட்டணம் வரும். கரையோர மக்களுக்கும் கடலுக்குப் போகும் தொழிலாளருக்கும் நான் சொல்வது, வலையமைப்புத் தெரிவைத் தானியக்கத்திலிருந்து நீக்கி, சொந்த வலையமைப்பைக் கையாலே தெரிவுசெய்து வையுங்கள் என்பதே.

வலுவும் தரமும் நன்று; ஆனாலும் இணையம் ஊர்கிறது. ஏன்?

தொலைபேசி தான் காணும் தரத்தை 0 முதல் 15 வரையான சிகியூஐ எண்ணாகக் கோபுரத்துக்கு அறிவிக்கிறது. அது 12, 13 என்று உயர்வாக இருந்தும் வேகம் குறைவென்றால், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வளத்துண்டுகளின் (செல்லின் அலைவரிசையைப் பலருக்கும் பங்கிடும் துண்டுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 20 மெகாஹேர்ட்ஸ் செல்லில் 100 துண்டுகள் உள்ளன. அதில் உங்களுக்கு எட்டோ பத்தோதான் கிடைக்கிறதென்றால் செல்லை வேறு பலரும் பகிர்கிறார்கள். துண்டுகள் நிறையக் கிடைத்தும் வேகம் இல்லையென்றால் கோளாறு ரேடியோவுக்கு வெளியே, கோபுரத்திலிருந்து பின்னால் செல்லும் இணைப்பிலோ தூரத்துச் சேவையகத்திலோ இருக்கலாம்.

நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாட்களில், அதிலும் தேரன்று காலையில், கோவில் வீதியில் எடுக்கும் பதிவு இதற்குச் சிறந்த பாடம். வலு மாறுவதேயில்லை, கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் தொலைபேசி செல்லுக்குள் நுழைய இடம் கேட்கும் சிறு சமிக்ஞையான முன்னொலியை அனுப்பி அனுப்பிப் பதில் வராமல் வலுவைக் கூட்டுகிறது. பதில் வந்தாலும், இத்தனை செக்கன் பொறுத்து வா என்று இணைப்பு மறுக்கப்படுகிறது. கூட்டத்துக்குள் பிள்ளையைத் தவறவிட்ட தாய்க்கு அந்த நேரத்தில் ஓர் அழைப்பு போவது எவ்வளவு பெரிய விடயம்! ஆகவே தற்காலிகக் கோபுரம் தேவையா என்று முடிவெடுப்பவர்கள் சாதாரண நாளின் பதிவை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அழைப்பு எடுத்தவுடன் 4ஜி அடையாளம் மறைகிறதே?

உங்கள் தொலைபேசியிலோ சந்தாவிலோ 4ஜி வழிக் குரல் இயங்கவில்லை. தொலைபேசி பழைய வலையமைப்புக்கு இறங்கி அழைப்பை எடுக்கிறது. பதிவில் நீடித்த சேவைக் கோரிக்கையும், அதைத் தொடர்ந்து வேறு அலைவரிசைக்கு அனுப்பிவிடும் இணைப்பு விடுவிப்பும் இருக்கும். அழைப்பு தொடங்கச் சில செக்கன்கள் கூடுதலாவது இதனால்தான்.

முடிவுகளைச் சராசரியாக்குவதில் என்ன பிழைகள் நேர்கின்றன?

டிபிஎம் எண்களை அப்படியே கூட்டி வகுப்பது முதற்பிழை. −80 உம் −110 உம் சேர்ந்தால் −95 என்று எழுதுவார்கள். வாற்றுக்கு மாற்றிச் சராசரி எடுத்தால் −83 வரும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எதை எடுத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். என் பழக்கம், சராசரியை விட்டுவிட்டு, எத்தனை வீதமான பாதை −110 க்குக் கீழே இருந்தது என்று சொல்வது.

இரண்டாவது, வாகனம் சந்தியில் நின்றபோதும் செக்கனுக்குச் செக்கன் பதிவு ஓடுவது. ஆஸ்பத்திரி வீதியில் நெரிசலில் நின்ற ஐந்து நிமிடம், கொடிகாமத்துக்கு அப்பால் திறந்த வீதியில் ஐந்து நிமிடம் ஓடிய பல கிலோமீற்றர் தூரத்துக்கு ஈடான எண்ணிக்கையைக் கொடுத்துவிடும். நேரத்தால் பிரிக்காமல் தூரத்தால், 20 அல்லது 50 மீற்றர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

மூன்றாவது, சிறு எண்ணிக்கையை நம்புவது. 60 அழைப்புகளில் ஒன்றும் அறவில்லை என்பதால் அறுதல் பூச்சியம் என்றாகிவிடாது. உண்மையில் நூறு அழைப்புகளுக்கு 5 வரை அறுந்தாலும் இப்படியொரு விளைவு வர இடமுண்டு. 3 ஐ அழைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் எல்லை கிடைக்கும்.

பதிவுக்கோப்பைப் பிறருக்கு அனுப்பலாமா?

துப்புரவாக்கிய பின் மட்டும். அதற்குள் சிம்மின் 15 இலக்க அடையாளமும் கருவியின் 15 இலக்க அடையாளமும், அழைத்த எண்களும், நீங்கள் போன வழியும் இருக்கும். பாதை தொடங்கும் புள்ளி பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசல். முதல் 500 மீற்றரையும் கடைசி 500 மீற்றரையும் வெட்டிவிடுங்கள். மற்றவருடைய தொலைபேசியில் எடுத்த பதிவென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருப்பதையும் மனதில் வைத்திருங்கள்.

என்னிடம் பதிவு இருக்கிறது. சேவை நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது?

கைத்தொலைபேசியின் பதிவு ஒரு பக்கத்தின் வாக்குமூலம் மட்டுமே. கோபுரம் எதைக் கேட்டது என்பது நிறுவனத்தின் கையிலுள்ள பதிவில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் நோக்கம் அவர்கள் சரியான செல்லில், சரியான நிமிடத்தில் அதைத் தேடும்படி செய்வது. "எங்கள் ஊரில் சிக்னல் சரியில்லை" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். திகதியையும் இலங்கை நேரத்தையும் செக்கன் வரை எழுதுங்கள். இடத்தின் பெயரோடு அகலாங்கு, நெட்டாங்கும், சேவை தந்த செல்லின் முழு இலக்கமும் பிசிஐயும், மாற முயன்ற செல்லின் பிசிஐயும், அப்போதைய ஆர்எஸ்ஆர்பியும் எஸ்ஐஎன்ஆரும், எத்தனை தடவை முயன்று எத்தனை தடவை அறுந்தது என்பதும் அதில் இருக்கட்டும். பண்ணைப் பாலப் பதிவுக்கு அது இப்படி அமையும்: "பிசிஐ 88 இலிருந்து 213 க்கு அளவீட்டு அறிக்கை ஒவ்வொரு தடவையும் அனுப்பப்பட்டது, கையளிப்புக் கட்டளை ஒரு தடவையும் வரவில்லை, எஸ்ஐஎன்ஆர் அப்போது நன்றாக இருந்தது, 88 இன் அயற்செல் பட்டியலைச் சரிபார்க்கவும்." நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தின் பிரதியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடாக அனுப்பலாம்.